லாம்-அலிஃப்: ஒரு விசையில் இரண்டு எழுத்து

அரபு விசைப்பலகையை முதன்முறை உற்றுப் பார்க்கிற எவருடைய கண்ணும் ஓரிடத்தில் நின்றுவிடும். கீழ்வரிசையின் நடுவே, ஆங்கில 'பி' இருக்கும் விசையில், ஓரெழுத்துக்குப் பதிலாக இரண்டு எழுத்துகள் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு நிற்கும். ஒன்று லாம், மற்றது அலிஃப். சேர்த்து வாசித்தால் 'லா'. அரபியில் அதற்கு 'இல்லை' என்று பொருள். சுற்றியுள்ள விசைகளெல்லாம் ஆளுக்கோர் எழுத்தோடு அடக்கமாக இருக்க, இது மட்டும் ஏன் ஒரு முழு அசையைச் சுமந்துகொண்டிருக்கிறது? லாமுக்கும் அலிஃபுக்கும் அதே பலகையில் தனித்தனி விசைகள் இருக்கின்றனவே. அவற்றை அடுத்தடுத்து அடித்தாலும் திரையில் இதே 'லா'தானே வருகிறது?

சில அரபுக் கவிதைகளைத் தமிழாக்கி, மூலத்தையும் எதிர்ப்பக்கத்தில் தரவேண்டும் என்ற ஆசையில் நானே அரபுப் பகுதிகளைத் தட்டச்சு செய்யத் தொடங்கியபோது எழுந்த கேள்வி இது. நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் அடித்ததில் சில வாரங்களிலேயே இரண்டு சுட்டுவிரல்களின் அடிமூட்டிலும் வலி கண்டது. தமிழ் அடிக்கும்போது வராத வலி. விரல் வலியின் காரணத்தைத் தேடிப் போனவன் லாம்-அலிஃபின் கதைக்குள் விழுந்தேன். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருந்தது.

*

எழுத்துகளை வரிசைப்படுத்துவது அரபு மரபில் பழகிப்போன விளையாட்டு. முதலில் 'அப்ஜத்' வரிசை. அலிஃப், பா, ஜீம், தால் என்று போகும் இந்தப் பழைய செமித்திய வரிசையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு. கட்டடங்களின் வாயில்களிலும் கல்லறைகளிலும் ஆண்டைச் சொற்களுக்குள் ஒளித்துவைக்கும் கலை இதிலிருந்துதான் பிறந்தது. பின்னர், ஒத்த வடிவமுள்ள எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இன்றைய பள்ளிக்கூட வரிசை வந்தது. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவர், மூன்றாவதாக ஒன்றை அமைத்தார். ஒலி பிறக்கும் இடத்தை அடிப்படையாகக் கொண்டு, தொண்டையின் ஆழத்தில் எழும் ஐன் எழுத்தில் தொடங்கி உதடு வரை வந்து சேரும் வரிசை. அவருடைய அகராதிக்கு 'கிதாபுல் ஐன்' என்ற பெயரே அப்படி அமைந்ததுதான். எழுத்தின் பிறப்பிடத்தை ஆராய்ந்த தொல்காப்பியப் பிறப்பியலை வாசித்தவர்களுக்கு இந்த மனப்போக்கு அந்நியமாக இராது.

ஒன்பதாம் நூற்றாண்டுப் பாக்தாதின் தத்துவ அறிஞர் அல்-கிந்தி செய்த காரியம் வேறு. மறைகுறியாக எழுதப்பட்ட கடிதங்களை உடைப்பது எப்படி என்று ஒரு சிறு நூல் எழுதினார். இஸ்தான்புல்லின் சுலைமானியா நூலகத்தில் கிடந்த அதன் கையெழுத்துப் பிரதி 1987இல் டமாஸ்கஸில் பதிப்பிக்கப்பட்டது. நூலின் உத்தி எளிமையானது: அந்த மொழியில் அமைந்த சாதாரண உரை ஒன்றை எடுத்துக்கொண்டு, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணு, பிறகு மறைகுறியில் அதே எண்ணிக்கைத் தகைமையோடு வரும் குறியைத் தேடு. அல்-கிந்தி உட்கார்ந்து எண்ணவும் செய்தார். அவருடைய எண்ணிக்கையில் அலிஃப் முதலிடம், லாம் இரண்டாமிடம், மீம் மூன்றாமிடம். பின்னால் ஹா, வாவ், யா, நூன், ரா.

உலகில் நமக்குத் தெரிந்த எழுத்து நிகழ்வெண் பட்டியல்களில் இதுவே மிகப் பழையது. விரல் நோகாத விசைப்பலகை ஒன்றை அமைக்க முதலில் தேவைப்படுவதும் இதே பட்டியல்தான். அதிகம் வரும் எழுத்து, விரல் ஓய்வாக இருக்கும் இடத்தில் இருக்கவேண்டும். அமெரிக்காவில் ஆகஸ்ட் துவொராக் ஆங்கிலத்துக்கு இந்த முறையில் ஒரு பலகை வடிவமைத்து 1936இல் காப்புரிமை பெற்றார். அவருக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாக்தாதில் பட்டியல் தயாராக இருந்தது. ஆனால் பலகை அந்தப் பட்டியலிலிருந்து வரவில்லை. இரும்பிலிருந்து வந்தது.

*

கிறிஸ்டோபர் ஷோல்ஸும் நண்பர்களும் 1868இல் காப்புரிமை பெற்ற தட்டச்சு இயந்திரத்தை ரெமிங்டன் நிறுவனம் 1874இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. தனித்தனியாக நிற்கும், மாறாத உருவமுள்ள, இடமிருந்து வலம் செல்லும் எழுத்துகளுக்கான இயந்திரம் அது. அரபு எழுத்து இந்த மூன்று நிபந்தனைகளையும் மறுப்பது. அது கூட்டெழுத்தாகவே பிறந்தது. ஓர் எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று, தனித்து நிற்கும்போது இன்னொன்று என்று நான்கு முகம் காட்டும். இருபத்தெட்டு எழுத்துகளில் ஆறு மட்டுமே தமக்குப் பின்வரும் எழுத்தோடு சேர மறுப்பவை; அவற்றுக்கு இரண்டு முகங்கள் போதும். மற்ற இருபத்திரண்டுக்கும் நான்கு. ஆக, ஹம்சாவின் பல கோலங்களையும் உயிர்க்குறிகளையும் விட்டுவிட்டாலும் நூறு வடிவங்கள். இயந்திரத்தில் இருந்தவையோ நாற்பது சொச்சம் விசைகள், விசைக்கு இரண்டு அச்சு.

உஸ்மானிய ஆட்சியின்கீழ் இருந்த சிரியாவிலிருந்து வந்தவரான ஸலீம் ஹத்தாத் 1899இல் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி சொன்னது. நான்கு முகங்களை இரண்டாகக் குறைப்பது. தொடக்கத்துக்கும் நடுவுக்கும் பொதுவாக ஒன்று. முடிவுக்கும் தனிநிலைக்கும் பொதுவாக மற்றொன்று. பின்னாளில் வந்த அரபுத் தட்டச்சுப் பொறிகள் பலவும் ஏறத்தாழ இந்தச் சமரசத்தையே பின்பற்றின. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் பயன்பட்ட ஷிஃப்ட் விசை, இங்கே எழுத்தின் தலைக்கும் வாலுக்கும் இடையே மாறிக்கொள்ளப் பயன்பட்டது. தட்டச்சர் ஒவ்வோர் எழுத்திலும் 'இது சொல்லின் கடைசியா?' என்று விரலால் முடிவெடுக்க வேண்டியிருந்தது. காகிதம் தாங்கும் உருளையும் எதிர்த்திசையில் நகர்ந்தது.

இந்தச் சமரசத்துக்குள் அடங்காமல் நின்றது ஒரே ஒரு கூட்டு. லாமும் அலிஃபும் அடுத்தடுத்து வரும்போது இரண்டும் தங்கள் இயல்பான வடிவத்தைக் கைவிட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இது விருப்பத்தைப் பொறுத்த அலங்காரமன்று. அரபு எழுத்தில் கட்டாயம். பிரித்து எழுதினால் பள்ளிப் பிள்ளையும் பிழை என்று சொல்லும். இரும்பு அச்சுகளுக்குப் பின்னத் தெரியாது. ஆகவே பின்னிய உருவத்தையே ஒரே அச்சாக வார்த்து, அதற்கென்று ஒரு விசையை ஒதுக்கினார்கள். ஆங்கில 'பி'யின் இடத்தில் இன்றும் உட்கார்ந்திருப்பது அந்த அச்சின் ஆவிதான்.

*

இயந்திரத்தால் எழுத்தைத் தாங்க முடியாதபோது இரண்டு தீர்வுகள் உண்டு. இயந்திரத்தை மாற்றலாம்; அல்லது எழுத்தை மாற்றலாம். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பலரும் இரண்டாவதையே நாடினார்கள் என்பதை இன்று நினைத்தால் சற்று நடுக்கமாக இருக்கிறது. எகிப்தின் மூத்த சட்ட அறிஞர் அப்துல் அஸீஸ் ஃபஹ்மி 1940களில் கெய்ரோவின் அரபுமொழிக் கழகத்தின் முன் அரபியை லத்தீன் எழுத்துகளில் எழுதலாம் என்ற திட்டத்தை வைத்தார். கடும் எதிர்ப்பு எழுந்தது. லெபனானைச் சேர்ந்த நஸ்ரி கத்தார் என்ற கட்டடக்கலைஞர் ஓர் எழுத்துக்கு ஒரே வடிவம் என்ற 'ஒருங்கிணைந்த அரபி'யை உருவாக்கினார். மொராக்கோவில் அஹ்மத் லக்தர் கஸால் தட்டச்சுக்கும் அச்சுக்கும் ஏற்றபடி குறைத்த எழுத்துமுறை ஒன்றுக்காக உழைத்தார். 1950களில் பெய்ரூத்தின் நாளிதழ் அச்சு வேலைக்காக லைனோடைப் பொறிகளுக்கென வந்த 'எளிமையாக்கிய அரபி'யும் ஹத்தாத்தின் அதே இரு-வடிவச் சமரசம்தான். இன்றும் விண்டோஸ் எழுத்துருப் பட்டியலில் 'சிம்ப்ளிஃபைட் அராபிக்' என்ற பெயரைப் பார்க்கிறவர்கள், அந்த அடைமொழி எந்தக் காலத்துக் கவலையிலிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை.

இவர்களில் யாரையும் துரோகிகள் என்று நான் கருதவில்லை. தங்கள் மொழி அலுவலகத்துக்குள்ளும் செய்தித்தாளுக்குள்ளும் நுழையாமல் பின்தங்கிவிடுமோ என்ற உண்மையான பதற்றம் அவர்களுக்கு இருந்தது. எழுத்தறிவின்மை பற்றிய கவலையும் இருந்தது. ஆனால் அவர்கள் காலத்தின் இயந்திரத்தை இறுதி இயந்திரம் என்று நம்பினார்கள். பிழை அங்கேதான்.

இயந்திரம் மாறியது. 1980களில் அரபுத் தரநிலை அமைப்பு வெளியிட்ட குறியீட்டு அட்டவணை, எழுத்துக்கு ஒரே ஓர் எண் தந்தது. வடிவத்துக்கு எண் தரவில்லை. யா என்ற எழுத்து சொல்லின் எந்த இடத்தில் நின்றாலும் அதே எண்தான். அது தலையா வாலா என்பதை அக்கம்பக்கத்து எழுத்துகளைப் பார்த்துக் கணிப்பொறியே தீர்மானிக்கும். குவைத்தில் முஹம்மத் அல்-ஷாரிக் தொடங்கிய ஸக்ர் நிறுவனத்தின் கணிப்பொறிகள் வழியே ஒரு தலைமுறை அரபுச் சிறுவர்கள் திரையில் தங்கள் எழுத்து தானாகவே கைகோத்துக்கொள்வதைக் கண்டார்கள். 1991இல் வந்த யுனிகோடும் இந்த அடிப்படையையே ஏற்றது. எழுத்தை வெட்டவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. எழுபது எண்பது ஆண்டுகளாக ஒத்திப்போட்டதே ஓர் எழுத்துமுறையைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் பலகை மட்டும் மாறவில்லை. தட்டச்சரின் விரல் பழகிய இடங்கள் அப்படியே கணிப்பொறிக்கு வந்தன. விண்டோஸில் 'அரபி 101', 'அரபி 102', வடஆப்பிரிக்காவின் பிரெஞ்சுப் பழக்கத்துக்கான '102 அசெர்ட்டி' என்று மூன்று சாயல்கள் உண்டு. முதலிரண்டுக்கும் வேறுபாடு சில எழுத்துகள்தான். திரையில் லாமும் அலிஃபும் தாமாகவே பின்னிக்கொள்ளும் காலத்திலும் லாம்-அலிஃப் விசை தன் இடத்தை விட்டுத் தரவில்லை. அதை அழுத்தினால் இரண்டு குறிகள் ஒருசேரப் பாய்கின்றன.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். பழைய குறியீடுகளோடு ஒத்துப்போவதற்காக யுனிகோட் பட்டியலின் கடைக்கோடியில் பின்னிய லாம்-அலிஃபுக்கும் தனி எண் ஒன்று இருக்கிறது. லினக்ஸின் எக்ஸ் சாளர முறையில் விசைக்கு ஒரு குறி என்பது விதி. ஆகவே அந்த விசைக்கு இந்தத் தனி எண்ணைக் கொடுத்து, அதை இரண்டு எழுத்தாகப் பிரிக்கும் வரியை இன்னொரு கோப்பில் எழுதிவைத்தார்கள். அந்தக் கோப்பை எட்டிப் பார்க்காத மென்பொருளில் ஒற்றைக் குறியே உரைக்குள் போய்விடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. நான் அடித்த கோப்புகளோடு நண்பர் ஒருவரிடமிருந்து வந்த பழைய கோப்பைச் சேர்த்துச் சொல்லடைவு தயாரித்தபோது, 'ஸலாம்' என்ற சொல் இரண்டு இடங்களில் தனித்தனியாக வந்து நின்றது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரியும் இரண்டு ஸலாம்கள். கணிப்பொறிக்கோ அவை இரு வேறு சொற்கள். ஓர் ஆய்வாளர் ஒன்றைத் தேடியிருந்தால் மற்றது அவருக்கு இல்லாமலே போயிருக்கும். இரும்பு அச்சின் ஆவி இப்படியும் பழிவாங்கும்.

*

இனி விரல் வலிக்கு வருகிறேன். விசைப்பலகையில் விரல்கள் ஓய்வாக அமரும் நடுவரிசையில் அரபிக்கு ஷீன், சீன், யா, பா என்று இடக்கைக்கு நான்கு. தா, நூன், மீம், காஃப் என்று வலக்கைக்கு நான்கு. இடையில், இரு சுட்டுவிரல்களும் உள்நோக்கி நீண்டால் மட்டுமே எட்டும் இரண்டு விசைகளில், லாமும் அலிஃபும்.

பழித்துவிட்டுப் போவது எளிது. நியாயமாகவும் பார்க்க வேண்டும். ஆங்கிலப் பலகையின் நடுவரிசையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். அதிகம் வரும் எழுத்துகளில் பல இந்த வரிசையில்தான் இருக்கின்றன. ஸாதும் ளாதும், சீனும் ஷீனும், ஐனும் கைனும் புள்ளியால் மட்டும் வேறுபடும் இணைகள். அவை பக்கத்து விசைகளில் இருப்பதால் புதிதாகக் கற்பவருக்குத் தேடுவது எளிது. ஆனால் அல்-கிந்தியின் பட்டியலில் முதலிரண்டு இடம் பெற்ற எழுத்துகளோ விரல் ஓய்வெடுக்காத இடத்தில் இருக்கின்றன. அரபியில் 'அல்' என்ற முன்னொட்டு வராத வரி அபூர்வம். ஒவ்வொரு 'அல்'லுக்கும் இரண்டு சுட்டுவிரல்களும் உள்நோக்கி ஒரு முறை இழுபடும். ஒரு பக்கத்துக்கு எத்தனை 'அல்' என்று எண்ணினால் என் மூட்டுகள் ஏன் முறையிட்டன என்பது விளங்கும். 'மேலும்' என்ற பொருளில் சொற்களின் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் வாவ் கீழ்வரிசையில் இருக்கிறது. ராவும் அங்கேதான். தலையில் ஹம்சா சூடிய அலிஃபுக்கு ஷிஃப்ட் விசையோடு சேர்த்து அடிக்கவேண்டும். இத்தனைக்கும் கீழ்வரிசையின் மையத்தில் லாம்-அலிஃப் ஒரு விசையைச் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறது.

மாற்றுப் பலகைகள் இல்லாமலில்லை. ஆங்கில ஒலியை ஒட்டி எழுத்துகளை அடுக்கியவை ஒருவகை; பா இருக்கவேண்டிய இடம் ஆங்கில 'பி', தாவுக்கு 'டி' என்பதுபோல. மாக் கணிப்பொறிகளில் இது நெடுநாளாகவே உண்டு. ஆங்கிலப் பலகை கைவந்தவருக்கு அது வசதி. ஆனால் அது அரபியின் கணக்கன்று, ஆங்கிலத்தின் நிழல். மற்றொரு வகை துவொராக்கின் வழியில் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு அடுக்குவது. எனக்கு அந்தத் துணிவு இல்லை. குறைந்த மாற்றத்தில் நிறைந்த பயன் எது என்று யோசித்து ஐந்தோடு நிறுத்திக்கொண்டேன். லாமையும் பாவையும் இடம் மாற்றினேன். இப்போது லாம் இடது சுட்டுவிரலின்கீழ். அலிஃபையும் தாவையும் மாற்றினேன். அலிஃப் வலது சுட்டுவிரலின்கீழ். ராவை ஷீனின் இடத்துக்கும் வாவைக் காஃபின் இடத்துக்கும் கொண்டுவந்தேன். ஐந்தாவதாக லாம்-அலிஃபை அகற்றி, அங்கே ஹம்சா சூடிய அலிஃபை வைத்தேன்.

முடிந்ததும் நடுவரிசையை வாசித்துப் பார்த்தேன்: ரா, சீன், யா, லாம், அலிஃப், நூன், மீம், வாவ். அல்-கிந்தியின் முதல் எட்டு எழுத்துகளில் ஏழு அங்கே இருந்தன. விடுபட்ட ஹாவும் தொலைவில் இல்லை. வலக்கை நடுவிரலை ஒரு வரிசை மேலே நகர்த்தினால் போதும். நான் திட்டமிட்டு அந்தப் பட்டியலைப் பின்பற்றவில்லை. என் கோப்புகளில் எண்ணிப் பார்த்து அமைத்தேன். ஆயிரத்து நூறு ஆண்டு இடைவெளியில் மொழியின் உள்கணக்கு அதிகம் மாறவில்லை என்பது எனக்குக் கிடைத்த எதிர்பாராத பரிசு.

நிறுவுவது கடினமன்று. விண்டோஸில் இதற்கென மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் விசைப்பலகை உருவாக்கும் செயலி உண்டு. அதில் ஏற்கெனவே உள்ள 'அரபி 101'ஐத் திறந்து, வேண்டிய விசைகளை மாற்றி, எட்டு எழுத்துக்கு மிகாத பெயர் சூட்டிச் சேமித்தால் நிறுவுகோப்பு ஒன்றைக் கட்டித் தரும். மாக்கில் 'உகெலெலே' என்ற செயலி அதே வேலையைச் செய்யும். லினக்ஸில் உரைக்கோப்பு ஒன்றைத் திருத்தினால் போதும். எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக வேண்டுமென்றால் கீமேன் இருக்கிறது. அது நமக்குப் பழைய அறிமுகம்தான். இ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் தவுல்டெசாஃப்டின் கீமேன் மேல்தான் ஓடின. முன்னெச்சரிக்கை ஒன்றுண்டு. பழைய பலகையை நீக்கிவிடாதீர்கள். அரபியில் கடவுச்சொல் வைத்திருப்பவர்கள் வாசலிலேயே நிற்க நேரிடும்.

பழகுவதுதான் கடினம். விசைகளின் மேல் அச்சிட்டிருப்பது இனி பொய் என்பதால் பார்க்காமல் அடிக்கக் கற்றே ஆகவேண்டும். முதல் வாரம் 'அல்' என்று நினைத்து அடித்தால் 'தப்' என்று வந்தது. இரண்டாவது வாரத்தில் புதியதும் வராமல் பழையதும் மறந்து, பள்ளியில் முதன்முதல் பலகை பிடித்த நாள்களின் அவமானத்தை மறுபடி அனுபவித்தேன். ஆறாவது வாரத்தில் கை தானாக ஓடியது. வேகம் கூடிற்றா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில்: குறிப்பிட்டுச் சொல்லும்படி இல்லை. மூட்டுவலி குறைந்தது. துவொராக்கின் ஆதரவாளர்கள் வேகத்தைப் பற்றி எழுப்பிய பெரிய உரிமைக்கோரல்களைப் பொருளியலாளர்கள் லீபோவிட்ஸும் மார்கோலிஸும் 1990இல் எழுதிய கட்டுரையில் வலுவாகவே மறுத்தார்கள். அந்தச் சர்ச்சையில் வலியைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை.

*

ஐந்தே மாற்றங்களில் இவ்வளவு ஆறுதல் கிடைக்குமென்றால் அரபுலகம் ஏன் இதைச் செய்யவில்லை? விடை துருக்கியில் இருக்கிறது. அங்கே 1928இல் அரபு எழுத்தையே கைவிட்டு லத்தீனுக்கு மாறினார்கள். அதன் காரணங்கள் அரசியலும் கல்வியும். தட்டச்சு இயந்திரம் அன்று. விலை என்னவென்றால், தனிப்பயிற்சி இல்லாத பேரனுக்குத் தாத்தாவின் கடிதம் வாசிக்கக் கிடைக்காது. ஆனால் அதனால் ஒரு வெற்றுத்தளம் கிடைத்தது. இஹ்ஸான் ஸித்கி யெனெர் என்ற தட்டச்சு ஆசிரியர் துருக்கியச் சொற்களில் எழுத்துகளை எண்ணி, விரல்களின் வலிமையையும் கணக்கிட்டு அமைத்த 'எஃப்' பலகை 1955இல் நாட்டின் தரநிலையானது. எண்ணி அமைத்த பலகை ஒன்று ஒரு நாட்டின் அலுவலகங்கள் முழுவதையும் வென்ற கதை இது. பிறகு சொந்தக் கணிப்பொறிகள் அமெரிக்கப் பலகையின் மேல் துருக்கிய எழுத்துகளை ஒட்டவைத்த 'க்யூ' வடிவில் இறக்குமதியாயின. ஒரு தலைமுறைக்குள் 'எஃப்' சிறுபான்மையாயிற்று. அரசு அலுவலகங்கள் மீண்டும் 'எஃப்' பலகைக்கு மாறவேண்டும் என்று 2013இல் பிரதமர் அலுவலகம் சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது.

நல்ல பலகை என்பது போதாது. கடையில் விற்கும் கணிப்பொறியில் அது இருக்கவேண்டும்; அடுத்த மேசைக்காரரும் அதையே அடிக்கவேண்டும். பலகையின் உயிர் விசைகளில் இல்லை, பலருடைய விரல்களின் நினைவில் இருக்கிறது. அரபுத் தட்டச்சர்கள் மூன்று தலைமுறையாகச் சேர்த்துவைத்த நினைவைக் கலைக்க எந்த அரசும் துணியவில்லை. துணிந்திருந்தாலும் நியாயமா என்பது ஐயமே. இதற்கிடையில் 1990களின் இளைஞர்கள் கைப்பேசியிலும் அரட்டையிலும் வேறொரு வழி கண்டார்கள். லத்தீன் எழுத்தும் எண்களும் கலந்து, ஐனுக்கு 3, ஹம்சாவுக்கு 2 என்று எழுதிய 'அரபீஸி'. ஃபஹ்மி கழகத்தில் வாதாடித் தோற்றதை, பலகை வசதியில்லாத விரல்கள் விளையாட்டாகச் செய்துவிட்டன. கருவிகளை அலட்சியப்படுத்துவதன் அபாயம் இதுதான். எழுத்துமுறையை எதிரிகள் ஒழிப்பதைவிட, அடிப்பதற்குத் தொல்லை என்று நண்பர்கள் கைவிடுவதே எளிதாக நடக்கிறது.

அரபு எழுத்து அரபியருக்கு மட்டும் உரியதுமன்று. பாரசீகத்துக்கு நான்கு எழுத்துகள் கூடுதல் தேவை. ஈரான் தனக்கென்று 1994இலும் பின்னர் 2007இலும் பலகைத் தரநிலை வகுத்துக்கொண்டது. உருது, சிந்தி, குர்தி, உய்குர் என்று ஒவ்வொன்றும் புள்ளிகளைக் கூட்டியும் நகர்த்தியும் தன் எழுத்துகளை உண்டாக்கியிருக்கிறது. அந்தப் பட்டியலில் தமிழும் உண்டு. தமிழகத்து, இலங்கை முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வி என்னும் அரபுத்தமிழ், அரபியில் இல்லாத ப, ட போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டது. அர்வி நூல்கள் பெரும்பாலும் கல்லச்சில் வந்தன. கல்லச்சில் கையெழுத்து அப்படியே பதியும். எந்த விசைக்கும் அடங்கவேண்டியதில்லை. தட்டச்சுக் காலம் வந்தபோது அந்த எழுத்துகளுக்கு எந்தப் பலகையிலும் இடம் கிடைக்கவில்லை.

என் பலகையில் வலது ஆல்ட் விசையோடு சேர்த்து அடிக்கும் அடுக்கு காலியாகவே இருந்தது. யுனிகோட் அட்டவணையில் தேடிப் பொறுக்கிய அர்வி எழுத்துகளை அங்கே ஒவ்வொன்றாகக் குடியமர்த்தினேன். ப ஒலிக்கான எழுத்து ஃபாவின் மேல். ட ஒலிக்கானது தாலின் மேல். ஒரு மாலை முழுவதும் பிடித்த வேலை. முடிந்தபின் பழைய கல்லச்சுப் புத்தகம் ஒன்றின் முதல் பக்கத்தைப் படியெடுத்தேன். அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக, திரையில் தமிழ் ஓடிற்று. யாரும் கடையில் விற்காத, எந்த அரசும் அறிவிக்காத பலகை அது. என்னோடு முடிந்துவிடவும் கூடும். ஆனால் அந்தப் பக்கம் இனி தேடினால் கிடைக்கும்.

சென்ற மாதம் நண்பர் வீட்டுக் கணிப்பொறியில் நான்கு வரி அரபி அடிக்க நேர்ந்தது. விரல்கள் தடுமாறின. 'பி' விசையைத் தொட்டதும், நான் துரத்திவிட்ட லாம்-அலிஃப் பின்னிய கோலத்தோடு திரையில் வந்து நின்றது. அழித்துவிட்டு லாமையும் அலிஃபையும் தனித்தனியே தேடி அடித்தேன். திரையில் அதே உருவம்தான் மறுபடி வந்தது.